என் கேரக்டர் அழகாக நிற்கிறாள், படக்கதைக் கட்டத்துக்குள் வந்தால் சிலையாகிவிடுகிறாள்

வெள்ளிநூல்:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓவியம் முறையாகப் படித்தவள் இல்லை. பகலில் கணக்கு வேலை. இரவு 10 மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும், அதில்தான் வரைவேன். 8 மாதமாக ஒரே ஒரு பெண்ணைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். பெயர் ஆழி. 17 வயது. இடுப்பு வரை வெள்ளி முடி, இடது கண் ஊதா, வலது கண் கறுப்பு. தோளிலிருந்து குறுக்காக 5 தோல் பட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கிள். கடலுக்கடியில் புதைந்துபோன ஒரு நகரத்தின் கடைசிக் காவலாளி அவள். அவளுக்கு 14 பக்க வரலாறு எழுதி வைத்திருக்கிறேன். அம்மா எப்படி இறந்தாள், இடுப்பில் இருக்கும் கத்தி யாருடையது, எந்த இரவில் முடி வெளுத்தது, எல்லாம் அதில் இருக்கிறது. முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று மாடல் ஷீட் போட்டு, வண்ணமும் முடித்துவிட்டேன்.

போன மாதம்தான் முதல் தடவையாக அவளை வைத்துப் படக்கதை வரைய உட்கார்ந்தேன். 8 பக்கக் கதை. முதல் பக்கத்தில் ஆழி ஒரு பாறை மேல் நின்று கடலைப் பார்க்கிறாள். அது நன்றாக வந்தது. இரண்டாம் பக்கத்தில் பின்னாலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள், அவள் திரும்ப வேண்டும். அங்கேயே 3 வாரமாக நிற்கிறேன். திரும்பும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எரிச்சலா, பயமா, ஆவலா? அந்த 14 பக்கத்தையும் திரும்பப் படித்துப் பார்த்தேன், பதில் அதில் இல்லை. எதை வரைந்தாலும் அதே முக்கால் பக்க முகம், அதே மூடிய உதடு. மாடல் ஷீட்டிலிருந்து வெட்டி ஒட்டியது மாதிரி.

இங்கே பலர் எழுதுகிறீர்கள், "நான் ஒன்று நினைத்தேன், அவன் வேறு ஒன்று பேசிவிட்டான்" என்று. படிக்கும்போது பொறாமையாக இருக்கிறது. ஆழி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் தினமும் ஒரே பேருந்தில் பார்க்கிற ஒருவரைப் பிடிக்கிற மாதிரிதான் அது. யாரென்று தெரியாது.

இவளை எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்குவதா? உங்கள் கேரக்டர் எந்தப் படத்தில், என்ன வரைந்துகொண்டிருந்தபோது உங்களுடையவராக ஆனார்? பொதுவான அறிவுரையைவிட உங்களுக்கு நடந்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும். இன்னொன்றும் உண்டு. கை பழகப் பழக முகம் மாறுகிறது. முதல் மாதத்து ஆழியையும் இந்த மாதத்து ஆழியையும் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கிறார்கள். இருவரில் யார் அவள்?


மைப்புட்டி:

எடுத்து வைக்காதீங்க. முதல்ல அந்தப் பட்டைகளைப் பத்திப் பேசுவோம்.

8 பக்கம், பக்கத்துக்கு 6 கட்டம்னு வெச்சா 48 கட்டம். பாதிக் கட்டத்துலயாவது அவ மார்பு வரைக்கும் தெரிவா. 24 தடவை 5 பட்டை, 120 பக்கிள். ஒவ்வொண்ணும் உடம்பு வளையுற பக்கம் வளையணும். முடி வேற இடுப்பு வரைக்கும். இதெல்லாம் உங்க கைக்குத் தெரியும். அதனாலதான் கை அவளை நிக்க வைக்குது. நின்னா பட்டை எங்க விழும்னு ஏற்கெனவே பழக்கம், திரும்பினா எல்லாத்தையும் புதுசா யோசிக்கணும். அதை யோசிச்சு முடிக்கும்போது முகத்துக்குன்னு மனசுல எதுவும் மிச்சம் இருக்காது. நான் இதை அனுபவிச்சிருக்கேன். என் முதல் கேரக்டர் கவசம் போட்டவன், 31 தகடு. அவன் கடைசி வரைக்கும் உட்காரவே இல்ல.

நகம் அளவுக்கு ஆழியை வரைஞ்சு முழுக்கக் கறுப்பா அடைச்சுப் பாருங்க. அப்பவும் எதனால ஆழின்னு தெரியுதோ அதை மட்டும் வெச்சுக்கோங்க. அனேகமா முடி நிக்கும், பட்டை நிக்காது.

மாடல் ஷீட் மூணு கோணமும் துணி தைக்கிறவங்களுக்குத்தான் உதவும். கதைக்கு வேற ஷீட் வேணும். ஆழி தும்முறா, ஊசியில நூல் கோக்குறா, படிக்கட்டுல ஒரு படி இல்லன்னு தெரியாம காலை வைக்கிறா. பட்டை, கண் நிறம் எதுவும் வேண்டாம், வெறும் பென்சில். ஒரு தாளுல ஒன்பது.

அக்கா தங்கை விஷயத்துக்கு ஸ்கேல் எடுத்து அளந்து பாருங்க. தலையோட நீளத்தை அளவா வெச்சா, வளர்ந்த ஆள் நிஜத்துல ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம். முதல்ல நீங்க ஆறு தலையில வரைஞ்சு, கை பழகினதும் ஏழுக்குப் போயிருப்பீங்க. கண்ணுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியும் மாறியிருக்கும். பாதி வித்தியாசம் அங்கதான் இருக்கும்.


மடிப்புக்காகிதம்:

எந்தப் படத்தில் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது சரியாக நினைவிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

என் கேரக்டர் பெயர் பொட்டலம். சின்னப் பையன், மூன்று தலை உயரம், காது பெரிது. எப்போதும் இரண்டு கையாலும் ஒரு பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருப்பான். 11 வருடத்துக்கு முன்னால் இரவுப் பணியில் இருந்தபோது வேலை அட்டவணையின் பின்பக்கத்தில் அவனை முதலில் வரைந்தேன். பொட்டலம் வந்ததற்கு ஒரே காரணம், எனக்குக் கை வரைய வராது. விரல்கள் முள்கரண்டி மாதிரி வரும். பொட்டலம் கொடுத்தால் விரலை மறைத்துவிடலாம். பக்கத்து மேசைக்காரர் பார்த்துவிட்டு, "இந்தப் பொட்டலம் யாருக்கு?" என்று கேட்டார். பெயர் அதிலிருந்து வந்தது.

இதை ரொம்ப நாள் வெளியே சொல்லாமல் இருந்தேன். பிறகு மிக்கி மவுஸின் கையுறை பற்றிப் படித்தேன். 1928-ல் அது வந்தபோது கையுறை கிடையாது. உடம்பும் கறுப்பு, கையும் கறுப்பு. கை உடம்புக்கு முன்னால் வந்தால் பார்ப்பவர் கண்ணுக்குக் காணாமல் போய்விடும். 1929-ல்தான் வெள்ளைக் கையுறை மாட்டினார்கள். கை சரியாகத் தெரியாத சிக்கலுக்குக் கண்ட வழி, இன்று உலகம் முழுக்க அடையாளமாக நிற்கிறது. அதைப் படித்த பிறகு பொட்டலத்தை நினைத்து நான் கூச்சப்படுவதில்லை.

நாலு மாதம் தினமும் ஒரு கட்டம் வரைந்தேன். நடக்கிறான், மழையில் நிற்கிறான், மாடிப்படி ஏறுகிறான். நோட்டின் முதல் பக்கத்தில் அவனைப் பற்றி "தைரியசாலி, சிரித்த முகம்" என்று எழுதி வைத்திருந்தேன். நானும் அதை நம்பினேன்.

ஒரு நாள் அவனை ஒரு கதவு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். தள்ளித் திறக்கிற கதவு இல்லை, குமிழைத் திருகித் திறக்கிற கதவு. வரைந்த பிறகுதான் உறைத்தது, இவனுக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கிறது. பொட்டலத்தைக் கீழே வைத்தால் முடிந்தது விஷயம். அப்படியே ரஃப் போட்டேன். பொட்டலம் தரையில், கை குமிழில். பார்த்தால் வேறு யாரோ ஒரு பையன். அழித்தேன். தாடைக்குக் கீழே இடுக்கிக்கொள்ள வைத்தேன், அதுவும் அவனில்லை. காலால் உதைக்க வைத்தேன், அது சுத்தமாக இல்லை. 40 நிமிடம் போயிருக்கும். கடைசியில் அவனைக் கதவுக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி, சும்மா நிற்க வைத்தேன். அடுத்த கட்டத்தில் ஒரு பெரியவர் வருகிறார். "உள்ளே போகணுமா, தம்பி?" என்று கேட்கிறார். பேச்சு பலூனுக்குள் என் கை எழுதியது: "நீங்க போகும்போது நானும் வரேன்."

திறந்துவிடுங்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்க அவனால் முடியாது. அந்த ஒரு வரியை எழுதிய பிறகு நோட்டின் முதல் பக்கத்துக்குப் போய் "தைரியசாலி" என்பதை அடித்தேன். இவன் உதவி கேட்கத் தெரியாதவன். சிரித்த முகமெல்லாம் யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. நாலு மாதம் என் கையால் வரைந்த பையனை அன்று இரவு இரண்டரை மணிக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அவன் நான்தானே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நானும் யாரிடமும் சுலபமாக எதையும் கேட்பவன் இல்லை, உண்மை. ஆனால் நானாக இருந்தால் பொட்டலத்தைக் கீழே வைத்திருப்பேன். அவன் வைக்கவில்லை. எனக்கு அவன் மேல் பாசம் வந்தது அந்த இடத்தில்தான்.

மூன்றாவது வருடம் கை வரையக் கற்றுக்கொண்டேன். என் இடது கையையே மேசை மேல் வைத்துக்கொண்டு ஒரு முழு நோட்டு. ஓரளவு வந்தது. உடனே பொட்டலத்தை வெறுங்கையோடு வரைந்து பார்த்தேன். கைகள் நன்றாகவே இருந்தன, அவன் மட்டும் தவித்துப்போய் நின்றான். அழிக்க மனசு வரவில்லை. அந்தத் தாளிலேயே, அந்தக் கைகளுக்கு மேலேயே, ஒரு பொட்டலம் வரைந்து கொடுத்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் பென்சில் விரல்கள் உள்ளே தெரியும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எடை தெரியும், 3 கிலோ. ஒரு பையில் 3 கிலோவுக்குப் புத்தகம் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நடந்து பார்த்தேன். முதுகு பின்னால் சாயும், வயிறு முன்னால் வரும், பாதம் கொஞ்சம் அகலும். அவன் நடை அதுதான். 14 பக்க வரலாறு தராத ஒன்றை அந்தப் புத்தகப்பை தந்தது. உங்கள் வரலாற்றைக் குறை சொல்லவில்லை. அது ஆழிக்கு நடந்தவற்றின் பட்டியல். நடந்ததை அவள் எப்படித் தூக்கிக்கொண்டு நடக்கிறாள் என்பது படத்தில்தான் தெரியும்.

ஒன்று கேட்கிறேன். பாறை மேல் நிற்கிறாள். கடற்காற்று. இடுப்பு வரை முடி. முடி வாய்க்குள் போகுமே, என்ன செய்வாள்?


தொலைவானம்:

மடிப்புக்காகிதம் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஆனால் வெள்ளிநூலுக்கு இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் 6 வருடமாக ஒரே கேரக்டரை வரைகிறேன். அவள் ஒரு தடவைகூடத் தானாகப் பேசியதில்லை. ஒவ்வொரு பலூனையும் நான்தான் யோசித்து, அடித்து, திருத்தி எழுதுகிறேன். அதற்காக அவள் எனக்கு யாரோ ஒருத்தியாகிவிடவில்லை. உடம்பு சரியில்லாமல் 5 வாரம் வரையாமல் இருந்தபோது ஏங்கிப்போனேன்.

இதைப் பற்றி ஆய்வே இருக்கிறது. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் மார்ஜரி டெய்லரும் உடன் ஆய்வாளர்களும் 50 புனைகதை எழுத்தாளர்களிடம் பேசினார்கள். 2003-ல் அது வெளிவந்தது. கதாபாத்திரங்கள் சொந்தமாகப் பேசுவது, தங்கள் இஷ்டப்படி நடப்பது போன்ற அனுபவம் கொஞ்சமாவது இருந்தது என்று 92 சதவீதம் பேர் சொன்னார்கள். அந்த எண்ணைப் பார்த்து மீதி 8 சதவீதத்தில் நான் இருக்கிறேனோ என்று முதலில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. எழுதி வெளியிட்டிருந்தவர்களிடம் இந்த அனுபவம் இன்னும் அடிக்கடி, இன்னும் விரிவாக இருந்தது. அதனால் இது பிறவி வரம் இல்லை, கைப்பழக்கத்தோடு வருவதாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். நீங்கள் இதுவரை வரைந்தது ஒன்றேகால் பக்கக் கதை. அவள் பேச இன்னும் நீங்கள் இடமே கொடுக்கவில்லையே.


இரண்டாம்_வரிசை:

நான் வேறு ஒன்று கேட்க வந்தேன். கூப்பிட்டது யார்?

உங்கள் பதிவில் "யாரோ" என்று மட்டும் இருக்கிறது. யார் கூப்பிடுகிறார் என்று தெரியாமல் எந்த முகத்தோடு அவள் திரும்புவாள்? அம்மா கூப்பிட்டால் ஒரு முகம், கடன் கொடுத்தவர் கூப்பிட்டால் இன்னொரு முகம். அந்த ஆளை வரையுங்கள். மாடல் ஷீட் வேண்டாம், வரலாறு வேண்டாம், ஐந்து நிமிடத்தில் ஒரு உருவம் போதும். கவனமில்லாமல் வரைந்தவர்களிடம் உயிர் சீக்கிரம் வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கார்ட்டூன் மாலுமி பாப்பாய் அப்படி வந்தவன்தான். அவனை உருவாக்கிய சீகரின் 'திம்பிள் தியேட்டர்' என்ற படக்கதைத் தொடர் 1919-ல் தொடங்கியது, வேறு ஆட்களை வைத்து. 9 வருடத்துக்கு மேல் ஓடிய பிறகு, 1929 ஜனவரியில், ஒரு கப்பல் பயணத்துக்குக் கூலிக்கு அமர்த்திய மாலுமியாக அவன் உள்ளே நுழைந்தான். பிறகு தொடரே அவனுடையதாகிவிட்டது.

முகம் மாறுவதைப் பற்றி: 'பீனட்ஸ்' படக்கதையில் வரும் ஸ்னூப்பி 1950-ல் நாலு காலில் நடந்த சாதாரண நாய்க்குட்டி. 1952-ல்தான் அதன் நினைப்புகள் பலூனில் வர ஆரம்பித்தன, இரண்டு காலில் எழுந்து நடந்தது அதற்கும் பிறகு. மூக்கு, கழுத்து, வயிறு எல்லாம் மாறின. அதை உருவாக்கிய ஷுல்ஸ் உதவியாளர் யாரையும் வைத்துக்கொள்ளாமல், 2000-ல் தொடர் முடியும் வரை வந்ததையெல்லாம் தானே வரைந்தார், நாள்தோறும் வந்தவையும் ஞாயிறு இதழில் வந்தவையும் சேர்த்து மொத்தம் 17,897. ஒரே கை 50 வருடத்தில் எவ்வளவு மாறியதோ அவ்வளவு மாறியது அந்த நாய். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு. நடுவில் எந்த நாளில் வேறானது என்று யாராலும் கோடு போட முடியாது. தாளின் மூலையில் தேதி போட்டு வையுங்கள், எதையும் கிழிக்காதீர்கள். யார் அவள் என்று இப்போதே முடிவு செய்ய வேண்டிய அவசியமில்லை.


வெள்ளிநூல்:

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், வரைந்துகொண்டிருந்தேன்.

முதல் நாள் மைப்புட்டி சொன்னபடி கறுப்பாக அடைத்துப் பார்த்தேன். முடி நின்றது, பட்டைகள் காணாமல் போயின. தெரிந்தும் கழற்ற மனசு வரவில்லை. ஒவ்வொரு பக்கிளுக்கும் ஒரு மாலை செலவழித்திருக்கிறேன். தலையை அளந்தேன். முதல் மாதம் ஆறேகால், இந்த மாதம் ஏழு. கண் இடைவெளியும் குறைந்திருக்கிறது. அளந்து பார்த்ததும் ஒரு பயம் போனது.

பிறகு அந்த முடிக் கேள்வி. மூன்று நாள் அதையேதான் வரைந்தேன். வெறும் பென்சில், வண்ணமில்லை. காற்று கடலிலிருந்து வருகிறது, அவள் கடலைப் பார்த்து நிற்கிறாள், அப்படியானால் முடி பின்னால்தான் பறக்கும். வாய்க்குள் போகாது. திரும்பினால் போகும்! கூப்பிட்ட குரலுக்குத் திரும்புகிற அதே நொடியில் முடி முழுக்க முகத்தில் வந்து அடிக்கும். இவ்வளவு நாள் அவளுக்கு ஒரு முகம் தேடிக்கொண்டிருந்தேன், அந்த நொடியில் அவள் முகமே தெரியாது.

அதை வரைந்தேன். முழுக்க வெள்ளி முடி, ஒரு மூக்கு நுனி. அடுத்த கட்டத்தில் ஒரு கையால் முடியை அள்ளிப் பிடிக்கிறாள். அதற்கடுத்து எதனால் கட்டுவது? கயிறு எதுவும் நான் கொடுக்கவில்லை. அவள் தோளிலிருந்த ஒரு பட்டையைக் கழற்றினாள். "கழற்ற வைத்தேன்" என்று எழுதத்தான் தொடங்கினேன், ஆனால் பென்சில் அங்கே போன வேகத்துக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. இரண்டு கையும் முடியில் இருப்பதால் பட்டையைப் பல்லில் கடித்துக்கொள்கிறாள். புருவம் இரண்டும் ஏறி, கன்னம் ஒரு பக்கம் உப்பி, மாட்டிக்கொண்டவள் மாதிரி ஒரு பார்வை. கடைசிக் காவலாளியின் முகம் இப்படி இருக்கும் என்று நான் எந்தப் பக்கத்திலும் எழுதி வைக்கவில்லை. இவளுக்கு யாரும் தன்னைத் தயாராக இல்லாதபோது பார்ப்பது பிடிக்காது. அதனால்தான் அவ்வளவு பக்கிள் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

பலூனும் போட்டேன். வாயில் பட்டை இருக்கிறதே, வேறென்ன சொல்ல முடியும். "ம்?"

தொலைவானம், இது அவள் பேசியதா, நான் எழுதியதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரவு 12 ஆகிவிட்டது, விளக்கை அணைக்காமல் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம்_வரிசை, கூப்பிட்டவரையும் ஐந்து நிமிடத்தில் வரைந்தேன். ஒரு பாட்டி, குள்ளம், கையில் ஈரத்துணி. ஆழியைப் பாறையிலிருந்து இறங்கச் சொல்கிறாள், அவள் நிற்கிற இடத்தில்தான் துணி காயப்போட வேண்டுமாம். இவர் யார், அந்த நகரத்தைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று ஒன்றும் தெரியாது. மூன்றாம் பக்கம் இன்று இரவு. ஆழிக்கு இப்போது தோளில் 4 பட்டை, முடியில் ஒன்று.